முதல் சாட்சிகள்

கேள்வி: உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்ததாகச் சொன்ன முதல் சாட்சிகளை நம்பலாமா?

பதில்: பார்த்தது என்ன என்பது அவரவர் விசுவாசம். ஆனால், கூடிப் பேசிப் புளுகினார்கள் என்ற வாதம் நிற்காது. புளுகுபவர்கள் மகதலேனா மரியாள் என்ற பெண்ணையா முன்னால் நிறுத்துவார்கள்? பெண்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதிய நூற்றாண்டு அது. அடுத்த நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் இதைச் சொல்லியே கேலி செய்தார். ஆனாலும் நான்கு சுவிசேஷங்களிலும் மரியாளின் பெயர் இருக்கிறது.

அப்போஸ்தலர் பவுலின் துணிச்சல் இன்னும் பெரிது. கி.பி. 55 வாக்கில் கொரிந்து சபைக்கு எழுதும்போது, 500-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லாத குறைதான்!

விவரங்களும் ஒன்றுபோல் இல்லை: இயேசுவின் கல்லறைக்குள் மாற்கு சுவிசேஷம் காட்டுவது ஓர் இளைஞரை. லூக்காவோ இருவர் என்கிறார். சொல்லிக்கொடுத்த சாட்சிகளென்றால் இந்தக் கணக்காவது ஒத்துப்போயிருக்கும்.