எழுதித் தொலைக்காதடா பேராண்டி

அடேய் பேராண்டி, இப்டி வந்து குந்து. கதை எழுதப் போறியாமே, உங்க ஆயா சொன்னா. வூட்ல பெரிய மனுசன் ஒருத்தன் இருக்கசொல்ல, ஒரு வார்த்தை கேக்காம நோட்டு வாங்கியாந்துட்ட. வாங்குனது வாங்கிட்ட, பால் கணக்கு எழுதிக்கலாம். கதை எழுதி மட்டும் தொலைக்காத.

எதுக்குச் சொல்றேன்னா, அதுக்கெல்லாம் தைரியம் வேணுமாம். ஒனக்குத் தைரியம் ஏது? காக்களூர் எஸ்டேட்ல நைட் சிஃப்டு முடிச்சிட்டு வந்து, செவ்வாப்பேட்டை டேசன் டீக்கடையில நீ பேசறதை நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். ஒடிசாப் பையன் கை மிசின்ல மாட்டப் பாத்துச்சு, நீ பாய்ஞ்சு சுவிச்சை அமுக்கின. சூப்பர்வைசர் ஓடியாந்தான். பையன் கையைப் பாக்கல, எத்தினி பீஸ் போச்சுன்னு பாத்தான். நீ சொல்லச் சொல்ல டீ மாஸ்டர் பால் பொங்கறதை வுட்டுட்டு வாயைப் பொளந்துகினு நின்னான். அதே ஆளு நோட்டைத் தொறந்தா இன்னா எழுதற? நிலா. அப்பால ரோஜாப்பூ. ஏண்டா, தெனமும் ராத்திரி பூரா தகரக் கூரைக்குக் கீழ நிக்கறவன், நீ நிலாவைப் பாத்து எத்தினி நாளாச்சு? காதல் தோல்வின்னு வேற நாலு பக்கம். ஒன்னை எந்தப் பொண்ணுடா திரும்பிப் பாத்துச்சு, அப்பால தோக்கறதுக்கு?

சொந்தக் கதையை எழுதுனா மேனேஜர் வேலையை வுட்டுத் தூக்கிருவாருன்ற. அந்தாளு தமிழ்ப் புஸ்தகம் படிக்கறவரா இருந்தா நானே மாலை வாங்கியாந்து போடறேன். காண்ட்ராக்ட்ல இருக்கறவனைத் தூக்கக் கதை எதுக்கு, ஆர்டர் கொறைஞ்சாப் போதாது? ஒனக்கு மெய்யாலும் பயம் உங்க பெரியப்பனைக் கண்டுதான். பாகம் பிரிக்கசொல்ல கெணத்தடி நெலத்தை அந்தாளு எப்டி அமுக்குனாருன்னு எழுதிட்டா, அடுத்த மஞ்சத்தண்ணிக்கு எந்த மூஞ்சியோட போயி மொய் எழுதறது? அதான விசயம். ஊரு ஒலகத்துக்குப் பயந்து எழுதாதவனை நான் பாத்ததே இல்ல. எல்லாம் சொந்தக்காரப் பயம்தான்.

பாமான்னு ஒரு அம்மா, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. கன்னியாஸ்திரி மடத்துலருந்து வெளிய வந்து, 1992ல 'கருக்கு'ன்னு எழுதுனாங்க. தெருவுல வளந்தது, சாதியால பட்டது, மடத்துக்குள்ளயும் அதே சாதி குந்தியிருந்தது, எல்லாத்தையும் அந்த ஊருப் பேச்சுலயே வச்சாங்க. மொதல்ல கோவிச்சிக்கினது யாருன்ற? சொந்த ஊரு. எங்க கதையை ஏன் சந்தியில வச்சன்னு கேட்டு, கொஞ்ச மாசம் அவங்க ஊருக்குள்ளயே போவ முடியல. அப்பால படிச்ச புள்ளைங்க எடுத்துச் சொல்ல, ஊரு சமாதானமாச்சு.

துவரங்குறிச்சி சல்மா கதை இன்னும் மேல. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வூட்ல வச்சிட்டாங்க. கல்யாணம் ஆகிப் போன வூட்லயும் எழுதக் கூடாது. ராத்திரியில கக்கூசுல நின்னுகினு எழுதி, தாளை ஒளிச்சு வச்சு, அம்மா மூலமா வெளிய அனுப்பி, பேரை மாத்திப் போட்டு, 2000த்துல மொதக் கவிதைப் புஸ்தகம் வந்துச்சு. அடுத்த வருசமே பேரூராட்சித் தலைவர். 2025ல ராஜ்யசபா மெம்பர். எழுதறதுக்குத் தனி ரூம் இல்லேன்னு ஆயாகிட்ட சொன்னியாமே? நம்ம வூட்ல கக்கூஸ் கீதா இல்லியா?

இதெல்லாம் எனக்கெப்டித் தெரியும்னு பாக்கறியா? லைப்ரரிக்கு நான் ஃபேன் காத்துக்குத்தான் போறேன். ஆனா கண்ணைத் தொறந்துகினு குந்தியிருக்கேன்.

“மனசுல எல்லாம் கீது தாத்தா, எழுதத்தான் நேரமில்லே”ன்னு இன்னொரு சாக்கு வச்சிருக்க. ரெண்டு டேசன் தள்ளித் திருநின்றவூர்ல பூசலார்னு ஒருத்தர். கையில காசு கெடயாது, சிவனுக்கு மனசுலயே கோயில் கட்டுனார். அஸ்திவாரம், கோபுரம், மதிலு, கொளம், கெணறு, ஒண்ணும் வுடல. காஞ்சிபுரத்துல பல்லவ ராசா நெசக் கல்லுல கட்டி நாள் குறிச்சா, சாமி கனவுல வந்து, “அன்னிக்கு எனக்கு நின்றவூர்ல வேலை கீது, நீ வேற நாள் பாத்துக்கோ”ன்னுட்டாராம். ராசா அடிச்சிப் புடிச்சி ஓடியாந்து கோயில் எங்கன்னு தேடுனாரு. இதைக் கேட்டா ஒனக்குக் குஷியாத்தான் இருக்கும். ஆனா அந்த மனக்கோயில் எனக்கும் ஒனக்கும் எப்டித் தெரிஞ்சுது? குன்றத்தூர்ச் சேக்கிழார் குந்தி எழுதுனாரு. ஒன் மனசுல கட்டி வச்சிருக்கறதை எழுத எந்தச் சேக்கிழார்டா கெளம்பி வரப் போறாரு?

அறிவுன்னு பாட்டுக்காரப் பையன், நம்ம வண்டி போய் நிக்கற அரக்கோணம்தான் ஊரு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஒழைச்சிட்டுத் திரும்பி வந்த பாட்டி கதையை மனசுல வச்சு, 2021ல 'எஞ்சாயி எஞ்சாமி' பாடுனான். ஒலகமே ஆடுச்சு. நீயும் ஆடி ரீல்ஸ் போட்ட, நல்லாத்தான் ஆடுன. ஆனா அது அவன் பாட்டி. ஒன் பாட்டி இதோ உள்ள வெத்தலை இடிச்சிக்கினு கீறா. உங்கப்பனைப் பெத்துப்போட்ட கையோட செங்கல் சூளையில மண்ணு மெதிக்கப் போனவ. தூளியைச் சூளை ஓரத்து வேப்ப மரத்துல கட்டிட்டு, அழுவுற சத்தம் வந்தா ஓடியாரணும், மேஸ்திரி பாத்தா கூலியில புடிப்பான். அவகிட்ட ஒரு நாளாச்சும் கேட்டியா? கேக்காத. கேட்டா எழுத வேண்டியதாப் பூடும்.

படிப்பு பத்தலேன்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. ம.பொ.சி. படிச்சது மூணாங்கிளாஸ். அச்சாபீஸ்ல அடுத்தவங்க எழுத்தைக் கோத்துக்கினு இருந்தவரு. 1960ல திருத்தணி நம்மகிட்ட வந்ததுக்கு அவரு போட்ட சத்தமும் காரணம். பின்னாடி 'எனது போராட்டம்'னு சொந்தக் கதையை அம்மாம் பெருசா எழுதுனாரு. கோயம்புத்தூர்ல ஆட்டோ ஓட்டுன சந்திரகுமாரைப் பாரு. எளவயசுல பொழப்புத் தேடி ஆந்திராவுக்குப் போன எடத்துல, குண்டூர் போலீஸ் செய்யாத திருட்டை ஒத்துக்கச் சொல்லி அடிச்சுது. இருபது வருசத்துக்கு மேல கழிச்சு, 2006ல அதை 'லாக்கப்'னு புஸ்தகமாப் போட்டாரு. வெற்றிமாறன் அதை 'விசாரணை'ன்னு எடுக்க, 2015ல வெனிஸ் பட விழா வரைக்கும் போச்சு. நீயி அடுத்தவன் காருக்கு நட்டு முடுக்கற. ஒன் சமாச்சாரம் வெனிசுக்குப் போவ வேணாம், வேப்பம்பட்டு வரைக்கும் போனாக்கூடப் போதும்.

சரி, கேக்க மாட்ட, எழுதியே தீருவ. அப்ப ஒரு கள்ள வழி சொல்றேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்துல கட்டியக்காரனைப் பாத்திருக்கியே? துரியோதன மகாராசா திரைக்குப் பின்னாடி நிக்கசொல்லயே அவரை வாருவான். எதிர்ல பாய் போட்டுக் குந்தியிருக்கற ஊருப் பெரியவரையும் நடுவால ஒரு இடி இடிப்பான். அவரும் சிரிப்பாரு. ஏன்? வந்ததும் அவன் மொதல்ல தன்னைத்தான் கேவலப்படுத்திக்குவான். பொண்டாட்டிகிட்ட வாங்குன ஒதை, கடன்காரன் வந்தப்ப நெல்லுக் குதிர்ல பூந்தது, எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் மத்தவன் மேல கை வைப்பான். நீயும் அப்டி ஆரம்பி. பெரியப்பன் நெலத்தை அமுக்குனது ரெண்டாம் பக்கம் வரட்டும். மொதப் பக்கத்துல, அவரு குடுத்த பழைய பேண்ட்டைப் போட்டுக்கினுதான் நீ வேலைக்கு இண்டர்வியூ போனன்னு எழுது. அது இடுப்புல நிக்காம சணல் கயிறு கட்டுனதையும், மேனேஜர் எழுந்திருன்னதும் கயிறு அறுந்ததையும் எழுது. படிச்சிட்டு அந்தாளால முழுசாக் கோவிச்சிக்கவும் முடியாது, முழுசாச் சிரிக்கவும் முடியாது. மொய்யை நீ தலை நிமுந்து எழுதலாம்.

எழுதி முடிச்சா மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு. கண்ணு மங்கிப் போச்சு, அதனால சத்தமாப் படி, தெருவுக்கும் கேக்கட்டும். என்னைப் பத்தி எழுதுனா பேரை மாத்திப் போடு. சாராயக் கேசுல ஒரு ராத்திரி உள்ள இருந்ததை வேணா எழுதிக்கோ, ஊருக்கே தெரிஞ்சதுதான். உங்க ஆயாவைப் பொண்ணு பாக்கப் போன எடத்துல வேட்டி அவுந்தது மட்டும் வேணாம். அதை நான் எழுதலாம்னு வச்சிருக்கேன். அந்த நோட்டுல பின்பக்கமா ஒரு நாப்பது தாள் கிழிச்சுக் குடு.