ஒன்றரை நூல்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? வீட்டு வேலையில் இப்போது கதவு, ஜன்னலைச் சுற்றி சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன். "நிலைக்கு மேல எதுக்கு மாப்ளே இன்னொரு சட்டம்?" என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் நின்றதால் விளக்க முடியவில்லை.

திருநகரில் நீங்கள் வீடு கட்டும்போது முதலில் நிலை நின்றது. மஞ்சள், குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சு கட்டி, தேங்காய் உடைத்த பிறகுதான் கொத்தனார் அதை அணைத்துச் செங்கல் வைத்தார். பூச்சு வந்து மரத்தைத் தொட்டது. இங்கே எல்லாம் தலைகீழ். மரச்சட்டங்களை நட்டு, ஜிப்சம் பலகையை அறைந்து, இதுதான் சுவர் என்கிறார்கள். கதவு நிலையோடு சேர்ந்து கடையிலிருந்து கடைசியில் வருகிறது. அது உள்ளே போக வேண்டுமே என்று வழியை இரண்டு அங்குலம் தாராளமாக விட்டுவைக்கிறார்கள். நிலையை நிறுத்தி, சிடார் ஆப்புகளைச் செருகி, தூக்கு பார்த்து முடித்தால் சுற்றிலும் விரல் போகிற சந்து. பனிக்காலத்தில் காற்று அது வழியாகத்தான் குசலம் விசாரிக்கும். அந்தச் சந்தில் நுரையை அடைத்து, மேலே மானம் காக்க இரண்டேகால் அங்குலச் சட்டம்.

தேக்கா, வேம்பா என்று கேட்டுவிடாதீர்கள். மரநாரைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. வெள்ளை பிரைமர் அடித்தே விற்கிறார்கள். ஆசாரி கேட்ட கூலியைக் காதில் வாங்கியதும் ரம்பத்தை நானே வாங்கிவிட்டேன்.

சட்டத்தை நிலையின் விளிம்போடு ஒட்டி அடிக்கக் கூடாது. 3/16 அங்குலம் விட்டு அடிக்க வேண்டும். இந்த நாட்டில் இன்னும் அங்குலக் கணக்குதான். அங்குலத்துக்கு 8 நூல் என்று நம்ம ஆசாரி சொல்லிக் கேட்டவனுக்கு அது ஒன்றரை நூல். பக்கத்து வீட்டுத் தாத்தா, "உங்கள் நாட்டில் மெட்ரிக் இல்லையா?" என்றார். அது அரசாங்கத்துக்கு, ஆசாரிக்கு இல்லை என்றேன்.

மேல் மூலைதான் உயிரை வாங்குகிறது. இரண்டு சட்டத்தையும் 45 டிகிரியில் சீவிச் சேர்த்தால் மூலை பொருந்த வேண்டும். பொருந்தாது. ஜிப்சம் பலகையின் இணைப்பில் பூசிய பட்டி அங்கங்கே புடைத்திருக்கும். நிலையும் சுவரும் ஒரே மட்டத்தில் இராது. அதனால் ஒருமுறை 44½, மறுமுறை 45½ என்று சீவி, அரைக்கால் நூல் இடுக்கோடு நிறுத்தினேன். உங்கள் மகள் டீ டம்ளரோடு வந்து பார்த்தாள். "எங்க அப்பா வீட்டு நிலையில இடுக்கு உண்டா?" என்றாள். இடுக்கில் பசையைப் பிதுக்கி, ஈர விரலால் ஒரு இழுப்பு. இப்போது தெரியவில்லை. ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டு மறுபடி வாய் பிளக்கும் என்று தாத்தா ஆறுதல் சொன்னார்.

திருநகர் மூணாவது ஸ்டாப் டீக்கடையில் மாப்பிள்ளை சட்டம் அடிக்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே நான் இன்னும் இன்ஜினியர்தான்.

இன்னும் ஜன்னல்கள் பாக்கி. நீங்கள் வரும்போது மூலைமட்டம் எடுத்து வருவதாகச் சொன்னீர்களாம். வேண்டாம் மாமா. அதை வைத்துப் பார்த்தால் இந்த வீட்டில் ஒரு மூலையும் தேறாது. அந்த எடைக்கு அத்தையிடம் சொல்லி மாவடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை