மகன் வயதில் ஒரு மேலதிகாரி

கேள்வி: வருவாய்த் துறையில் முப்பது வருடம் உழைத்து வட்டாட்சியர் ஆனேன். இன்று என் மகன் வயதுள்ள சார் ஆட்சியருக்கு ‘சார்’ போடுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? – ஒரு வாசகர், வேடசந்தூர்

பதில்: திண்டுக்கல் நியாயமும் இதுதான், தில்லி நியாயமும் இதுதான்! குடிமைப் பணித் தேர்வு எழுத 21 வயது போதும். தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு 60 வயதில். அப்படியிருக்க, இளையவர் மேலே அமர்வது விதியிலேயே இருக்கிறது. ஆனால் புதிதாக வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரி மாவட்டப் பயிற்சியின்போது பட்டாவும் அடங்கலும் படிக்க வருவது வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான். உங்களைப் போன்றவர்களிடம் பாடம் கேட்ட பிறகே அவர் உத்தரவு போடுகிறார். குருவுக்கு இதில் என்ன குறைவு?

அனுபவசாலிதானே தலைமை தாங்க வேண்டும் என்பீர்கள். பாதி சரி. ஆத்தூர் பக்கம் எந்தக் கண்மாயின் வரத்து வாய்க்கால் யார் தோட்டத்துக்குள் காணாமல் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கும் உத்தரவில் கையெழுத்திட, உள்ளூரில் மாமன் மச்சான் இல்லாத, சீக்கிரமே மாற்றலாகப் போகிற ஒருவர் வேண்டும். உங்கள் நினைவும் அவர் துணிச்சலும் சேர்ந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும். அவர் அவசரப்பட்டால் பழைய கோப்பை எடுத்து முன்னே வையுங்கள். அது உங்கள் கடமை. ‘சார்’ நாற்காலிக்கு உரியது, தாராளமாகக் கொடுங்கள். அவர் உங்களை ஒருமையில் அழைத்தால் மட்டும் பொறுக்காதீர்கள். அன்றைக்கே, தனியே, நேராகச் சொல்லிவிடுங்கள்.