மணக்காத நெத்தலிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு மதிப்பீட்டுப் பிரிவினர்,
இணையச் சந்தை நிறுவனம், கொழும்பு.

விடயம்: என் நெத்தலி மணப்பது தொடர்பாக

ஐயா, அம்மணி, அல்லது கொம்பியூட்டர் அவர்களே,

போன கிழமை தாங்கள் எனக்குச் செய்த மரியாதைக்கு முதலில் நன்றி. கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் அரைக் கிலோ நெத்தலிக் கருவாடு வாங்கினார். வாங்கி, ஒரேயொரு நட்சத்திரம் போட்டு, கீழே இரண்டு சொல் எழுதினார்: 'மீன் மணக்குது.' தாங்கள் அதற்கு 'உறுதிசெய்யப்பட்ட கொள்வனவு' என்று பச்சை முத்திரை குத்தி, என் கடையின் நெற்றியில் ஒட்டிவிட்டீர்கள். கருவாட்டில் மீன் மணப்பதைக் கண்டுபிடித்த அந்த அறிஞருக்கு என் வாழ்த்துகளையும் சேர்த்துவிடுங்கள்.

குற்றத்தை மறைக்கவில்லை. மணக்கத்தான் செய்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருக்கடலூர்க் கரையில் நானும் மச்சாளும் நெத்தலியைக் கழுவி, உப்புப் பார்த்துப் போட்டு, மண் படாமல் கம்பில் இழுத்துக் கட்டிய வலையில் பரப்பிவிடுவோம். காகத்துக்கு ஒரு கண், பூனைக்கு ஒரு கண். அள்ளினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், மடக்கினால் டிக்கென்று முறிய வேண்டும். முறியாவிட்டால் இன்னொரு வெயில். இவ்வளவு தெரிந்த எங்களுக்கு மணத்தை மட்டும் கழற்றி எடுக்கத் தெரியவில்லை. பாட்டிமாரும் சொல்லித் தராமலே போய்விட்டார்கள். மல்லிகை மணக்கும் நெத்தலி செய்யத் தாங்கள் பயிற்சிப் பட்டறை ஏதும் வைத்தால் அறிவியுங்கள். தேநீரும் வடையும் என் செலவு.

இதே வாடிக்கையாளர் அடுத்த விடுமுறைக்குத் திருகோணமலை வருவாராக இருந்தால் கன்னியாவுக்குக் கூட்டிப் போக ஆசை. வெந்நீர்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றியதும் 'தண்ணி சுடுது' என்று ஒரு நட்சத்திரம் போடுவார். ஏழு கிணறும் தங்கள் தளத்திலிருந்து அன்றைக்கே நீக்கப்படும்.

இனிக் கணக்கு. ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, பத்தாவது ஆள் ஒன்று போட்டால் சராசரி 4.6. அதை 4.8 ஆக்க, அதற்குப் பிறகு வருகிற பத்துப் பேரும் ஒருவர் விடாமல் ஐந்து போட வேண்டும். ஒரு மூக்கின் கோபத்தை ஆற்றப் பத்து நாக்கு! அதுவரை என் கடை முதற்பக்கத்தில் இல்லை. தேடுகிறவர் மூன்று பக்கம் தள்ளிப் போய்த்தான் பார்க்க வேண்டும், யார் போகிறார்கள்? எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் 75 எடுத்தாலே ஏ சித்தி. ஐந்தில் நான்கு என்றால் 80. தங்கள் பள்ளிக்கூடத்தில் 80 எடுத்த பிள்ளை வாசலுக்கு வெளியே முழங்காலில் நிற்கிறது.

என் நட்சத்திரத்தில் பங்கு கேட்பவர்கள் வேறும் உண்டு. 'மீன் நல்லம். கூரியர் லேட்' என்று ஒருவர் இரண்டு போட்டிருக்கிறார். கூரியரைப் பிடித்ததும் தாங்கள், காசு வாங்குவதும் தாங்கள், நட்சத்திரம் போவது எனக்கு. இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் யானை ரோட்டை மறித்து நின்றால் அதுவும் என் கடைக் கணக்கில்தான். யானைக்கு நட்சத்திரம் போடத் தளத்தில் வழியில்லை என்பது விளங்குகிறது. ஓடர் போட்டுவிட்டு, பொதி வாசலுக்கு வந்ததும் போனை நிறுத்திவைக்கிற கனவான்களுக்குமா வழியில்லை? பொதி திரும்பி வரும், கூலி என் தலையில் விழும். அவர் பெயரில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. நாளைக்கு இன்னொரு கடையில் அதையே செய்வார்.

இந்த மதிப்பீட்டு முறையைக் கண்டுபிடித்தவர் தாங்கள் அல்ல என்பது தெரியும். 1995இல் தொடங்கிய ஈபே என்ற இணையச் சந்தையில், 1996 பெப்ரவரியில், அதைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் இதைக் கொண்டுவந்தார். மனிதர் பெரும்பாலும் நல்லவர் என்று நம்பிய ஆள் அவர். அங்கே வாங்குபவர் விற்பவருக்கு எழுதலாம், விற்பவர் வாங்குபவருக்கு எழுதலாம். 2008 மே மாதத்திலிருந்து ஈபே விற்பவரின் வாயைக் கட்டியது. வாங்கியவரைப் பற்றி நல்லது மட்டும்தான் எழுதலாம். காரணமும் இருந்தது. குறை சொன்னவருக்குப் பழிக்குப் பழியாக விற்பவர் குறை எழுத, வாங்குபவர் பயந்து பேசாமல் இருந்தார்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயைக் கட்டினவர்கள் காதையாவது திறந்து வைத்திருக்க வேண்டாமா? நான் மேன்முறையீடு என்ற பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, 'உங்கள் முறைப்பாடு மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. கீழே, 'இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

நான் வாங்குகிற கட்சியிலும் இருக்கிறேன். நெத்தலி நிறுக்கத் தங்கள் சந்தையிலேயே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன. வந்த தராசில் ஒரே பொதியை இரண்டு தரம் வைத்தால் இரண்டு நிறை. பிறகுதான் நிதானமாகப் பாராட்டுகளை வாசித்தேன். 'காலுக்கு நல்ல மெத்தென்று இருக்கிறது' என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். செருப்புக்கு வந்த புகழைத் தராசுக்கு மாட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இது தண்டப்பணம் கட்டுகிற குற்றம். அமேசனில் ஒரு பொருளின் பாராட்டை இன்னொன்றுக்கு ஒட்டிய பவுண்டிஃபுல் என்ற கம்பனியிடம் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் 6 லட்சம் டொலர் வாங்கியது. இங்கே அது திறமை.

நானும் ஒரு நட்சத்திரம் போட்டு, 'தராசு பிழையாக நிறுக்குது' என்று தமிழில் எழுதினேன். 'பொருத்தமற்ற மொழி' என்று அழித்துவிட்டீர்கள். என்ன பொருத்தமில்லை? தராசா, பிழையா, தமிழா? 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொன்னது. அந்த வர்த்தமானி தங்கள் கொம்பியூட்டருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல. ஆனால் 'மீன் மணக்குது' மட்டும் அதற்கு வடிவாக விளங்கியிருக்கிறது, அதுவும் தமிழ்தானே!

இதற்கு நடுவில் வட்ஸ்அப்பில் ஒரு நல்ல மனிதர் வந்தார். காசு கட்டினால் நட்சத்திரம் மொத்தமாகத் தருவாராம். கூடக் கட்டினால் எதிர்க்கடைக்கு ஒற்றை நட்சத்திரமும் போடுவாராம். இது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். 2022இல் அமேசன், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள்மேல் இதற்காகவே வழக்குப் போட்டது. இந்தியா அதே ஆண்டில் இணைய விமர்சனங்களுக்கு ஒரு தர நியமம் வெளியிட்டது, அப்போது கட்டாயம் ஆக்கவில்லையென்றாலும். நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அது எழுதப்பட்ட காலத்தில் இங்கே நட்சத்திரம் வானத்தில் மட்டும்தான் இருந்தது.

அந்த மனிதருக்கு நான் காசு கட்டவில்லை. கட்டியவர்கள் முதற்பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களின் கருவாட்டில் மணமும் இல்லை, சில பொதிகளில் கருவாடும் இல்லை. என் மச்சாள், விரல் உப்பில் வெடித்து, சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறாள். அவளுடைய உழைப்பை முகம் காட்டாத ஒருவர் படுத்திருந்து பெருவிரலால் தட்டி அழிக்கிறார், தாங்கள் பக்கத்தில் நின்று முத்திரை குத்துகிறீர்கள். ஒவ்வொரு விற்பனையிலும் தரகு எடுக்கிறீர்களே, அந்தக் காசில் மணம் இல்லையா? களவாணி வேலை இது. களவாணி வேலை!

மன்னிக்க வேண்டும். வெயில் கொஞ்சம் கூடிவிட்டது. தங்கள் பெருந்தன்மை நாடறிந்தது.

ஆகவே பணிவோடு கேட்பது: ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே விற்றவரின் பதிலையும் அதே எழுத்தளவில் போடுங்கள். கூரியரின் புள்ளியைக் கூரியரிடமே கொடுங்கள். வாசலில் பொதியை மறுக்கிறவரின் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள். சந்தன மணம் கமழும் கட்டாக் கருவாடு தயாராகும்வரை, மணத்துக்காகப் போட்ட நட்சத்திரத்தை எண்ணாமல் விடுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை ஒரு மனிதர் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் வாசிப்பேன், சிங்களத்தில் எழுதினாலும் வாசிப்பேன். கொம்பியூட்டர் எழுதுவதானால் வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கருவாட்டுக்காரி,
திருக்கடலூர், திருகோணமலை.