இன்னும் அஞ்சு நிமிஷம்

முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஏதாவது ஓர் அடுக்குமாடியில் அழைப்புமணியை அழுத்தினால், கதவைத் திறப்பது சாம்பல் நிற முகமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், அவர்தான் பேஸ்பேக் அக்கா. உதட்டை அசைத்தால் விரிசல் விழும் என்பதால், கூரியர் பையன் கேட்கும் ஓடிபியை விரல்விட்டுத்தான் சொல்வார். அதில் பூஜ்யம் வந்தால் இருவரும் திண்டாடுவார்கள். “போட்டு அரை மணி ஆச்சே, கழுவலையாக்கா?” என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டால், பல்லைக் கடித்தபடி “இன்னும் அஞ்சு நிமிஷம்டி” என்று பதில் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் சாம்பார் கொதித்து இறங்கும், மோட்டார் ஓடி மேல்தொட்டி நிரம்பி வழியும். முகம் மட்டும் கழுவப்படாது.

அடுப்படிச் சாமானையெல்லாம் மூஞ்சியில் பூசுகிறாரே என்று அவரைக் கேலி செய்கிறவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிறார்கள். தாம்பரம் சண்முகம் சாலையில் மலிவாக வாங்கும் முல்தானி மிட்டி, எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் களிமண். அழகு நிலையத்தில் பெரிய தொகை வாங்கிக்கொண்டு பூசுவதிலும் பலநேரம் அதன் பங்காளிதான் இருக்கிறது. கழுவி ஊற்றப்போகிற பொருளுக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும் என்று அக்கா கேட்பது நியாயம். கோளாறு அவருடைய கடிகாரத்தில் இருக்கிறது. நல்லது எதுவானாலும் கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் நல்லது என்பதே அவர் அறிந்த ஒரே விதி. களிமண்ணோ ஈரமாக இருக்கும்வரைதான் பிசுக்கோடு நிற்கும். முழுக்கக் காய்ந்து வெடித்தால் தோலின் ஈரத்தில் கைவைக்கும். ஓரம் வெளுக்கத் தொடங்கும்போதே, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், கழுவிவிட வேண்டும். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் நேரம் தாராளம். அக்கா செங்கல்பட்டுவரை போகிறார். மகள் வாங்கித் தந்த கொரியன் ஷீட் மாஸ்க்குக்கும் இதே கதி. இருபது நிமிடத்தில் எடுக்கச் சொல்லி உறையிலேயே போட்டிருந்தாலும், “காசு குடுத்து வாங்கினது, சாறு இறங்க வேணாமா?” என்று மொடமொடவென்று காயும்வரை விடமாட்டார். காய்ந்த தாள், கொடுத்த ஈரத்தையே திரும்ப வாங்கத் தொடங்கிவிடும்.

எலுமிச்சை விஷயத்தில் இந்த விதி இன்னும் மோசமாகக் கடிக்கிறது. நம் தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினாலே அமிலம் பத்து மடங்கு ஏறும். மூன்று எண் இறங்கினால் ஆயிரம் மடங்கு. “எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பது அக்காவின் தீர்ப்பு. வேலை செய்வது வாஸ்தவம்தான், எதன்மேல் என்று அவர் கேட்பதில்லை. அந்தச் சாறு ஒட்டியிருக்கும் தோலில் வெயில் பட்டால் கொப்புளம்கூடக் கிளம்பலாம், பின்னால் வரும் கருமை வாரக்கணக்கில் நிற்கலாம்.

“எங்க பாட்டியெல்லாம் போடலையா?” என்று அடுத்து வரும். வலுவான கேள்வி, ஆனால் பாட்டி சாட்சிக்கு வந்தால் அக்காவுக்கு எதிராகத்தான் பேசுவார். பாட்டி நலங்கு மாவைக் குளிக்கும்போது தேய்த்தார், அங்கேயே கழுவினார். அதை அப்பிக்கொண்டு சீரியல் பார்க்கவில்லை. அந்த மாவில் சேரும் கார்போகரிசியில் சோராலென் உண்டு. அது தோலில் இருக்கையில் வெயில் பட்டால் தோல் கறுக்கும்; வெண்புள்ளிக்கு அது மருந்தானதே அதனால்தான். வெளுக்க வேண்டுமென்று அதை ஒரு மணி நேரம் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் வடகம் பிழியும் அக்கா, கறுப்பதற்கான வைத்தியத்தை முறைப்படி செய்துகொண்டிருக்கிறார். சந்தேகம் கேட்க, 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியத்தில், ஒரே ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. யூடியூப் அதைவிடப் பக்கம். இயற்கைப் பொருள் என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு எருக்கம்பாலை ஞாபகப்படுத்தினால் போதும்.

“கழுவினதும் பளபளன்னு இருக்கே?” என்றால், இருக்கும். தேய்த்ததில் ரத்த ஓட்டம் கூடும், செத்த தோல் உதிரும், சாயங்காலத்துக்குள் பழைய முகம் திரும்பிவிடும். அந்த ஏமாற்றத்தில் சிலர் மருந்துக்கடை ஸ்டீராய்டு கிரீமை மாவில் குழைக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களுக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இது மட்டும் சிரிக்கிற விஷயமல்ல.

அக்காவுக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியாது என்று சொல்லவே முடியாது. புதுச் சுங்குடிச் சேலையைச் சாயம் போகிறதா என்று ஓரத்தை நனைத்துப் பார்க்காமல் வாளியில் போடமாட்டார். புது பேக்கையும் அதே மாதிரி முன்கையின் உள்பக்கம் துளி தடவி, ஒன்றிரண்டு நாள் பார்த்தபிறகு முகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால், “அதுவும் சரிதான்” என்று உடனே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு, கணவரின் கையில் தடவுவார். ஒவ்வாமை ஆளுக்கு ஆள் மாறும், அவர் கை சிவக்காததால் இவர் முகம் தப்பிவிடாது என்று விளக்கினாலும் பயனில்லை. அந்த மனிதருக்கோ சந்தன வாசனை பிடித்துப்போய்விட்டது. முகத்துக்கும் கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருக்கிறார்.