கம்பி தெரியாத செவ்வாய்க் கலம்: அறிபுனைப் பட வட்டுகளில் பாடபேத ஆராய்ச்சி

பழைய படத்தைப் புதிய வட்டில் மறுபடியும் வாங்குவது வீண்செலவு என்றொரு கொள்கை உண்டு. இதைப் பரப்புவோர் பெரும்பாலும் வாங்குபவருடன் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அக்கொள்கையை மறுக்கவே இக்கட்டுரை எழுந்தது. ‘ப்ளேட் ரன்னர்’ படத்தை டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் வைத்திருப்பவர் ஒரே சரக்கை மூன்று தடவை வாங்கி ஏமாந்தவர் அல்லர். ஒரு நூலின் மூன்று பதிப்புகளை ஒப்புநோக்க முனைந்த பதிப்பாசிரியர். புறநானூற்றுக்கு நாலு பதிப்பு வைத்திருக்கும் தமிழாசிரியரிடம், “இதே புத்தகம்தான் ஏற்கெனவே இருக்கே” என்று யாரும் கேட்பதில்லை. (கேட்கிறார்கள் என்று ஒரு தமிழாசிரியர் தெரிவித்தார். அத்தரவு இங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை.)

இனி ஆய்வின் எல்லை. எல்லாப் பழைய படமும் இதில் அடங்காது. குடும்பப் படத்தில் தெளிவு கூடினால் அம்மா நடிகையின் விக் தெரியும். அதனால் கதைக்குக் கேடில்லை, அம்மா அழுதால் நாமும் அழுவோம். அறிபுனைப் படத்தில் தெளிவு கூடினால் கிரகமே அட்டை என்று தெரிந்துவிடும். டிவிடியின் ஒரு சட்டகத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் 20 லட்சத்துக்கு மேல். 4கேயில் 80 லட்சத்தைத் தாண்டும். எனவே ஒவ்வொரு புதிய வடிவமும் வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பைவிடப் பெரிய ஆபத்தை அப்படங்களுக்குக் கொண்டுவருகிறது. இந்த ஆபத்துக்கு ‘கம்பிச் சிக்கல்’ என்று இவண் பெயரிடப்படுகிறது.

கம்பிச் சிக்கலுக்குத் தலைசிறந்த சான்று 1953இல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. ஜார்ஜ் பால் தயாரிப்பு, பைரன் ஹாஸ்கின் இயக்கம், சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கர். ஆல்பர்ட் நொசாகி வடிவமைத்த செவ்வாய்க் கலங்கள் செம்புநிறத்தில், திருக்கை மீன் சாயலில், கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து ஊரைப் பொசுக்கும். அவற்றை மேலிருந்து தொங்கவிட்டவை மெல்லிய கம்பிகள். அன்றைய அரங்கில் அமர்ந்தவர் கண்ணில் அவை படவில்லை. பின்னாளில் வந்த டிவிடியில் பட்டன, அதுவும் கொத்துக் கொத்தாக. என் மாமியார் அறிபுனைத் துறையில் பயிற்சி பெற்றவரல்லர். ஆனாலும் கலம் திரையில் நுழைந்த மறுகணமே, “என்ன மாப்பிள்ளை, கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க?” என்றார். செவ்வாய்க்காரர்களின் போர்த்திறன் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த அறிமுகவுரை அத்துடன் முடிவுற்றது.

கம்பி எங்கிருந்து வந்தது? புதிதாக யாரும் கட்டவில்லை. அந்தக் காலத்து டெக்னிகலர் முறையில் மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் ஒரே சமயத்தில் பதிவாகும். அவற்றிலிருந்து அச்சுகள் செய்து, சாயத்தில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படச்சுருளில் ஒற்றி எடுப்பார்கள். மூன்று சாயமும் லேசாகக் கசிந்து ஒன்றோடொன்று இழையும். மயிரிழை போன்ற கோடு அந்தக் கசிவிலேயே கரைந்துபோகும். இரவுக் காட்சியை நல்ல இருட்டாகவும் அச்சிட்டார்கள். படம் எடுத்தவர்கள் இந்தக் கசிவையும் இருட்டையும் நம்பித்தான் கம்பி கட்டினார்கள். பின்வந்தவர்கள் வேறு வகைச் சுருளில் பிரதி எடுத்து, வெளிச்சத்தையும் கூட்டினார்கள். கம்பி வெளிவந்தது.

இங்கேதான் துறையின் மூலக்கேள்வி பிறக்கிறது: மூலபாடம் எது? நெகட்டிவில் இருப்பதா, 1953இல் திரையில் விழுந்ததா? நெகட்டிவ் கட்சியார், கம்பியும் சரித்திரமே, அதை மறைப்பது பொய் என்பர். அவர்கள் சொல்வது கேட்க நேர்மையாக இருக்கும், ஆனால் ஏற்பதற்கில்லை. ஏட்டில் எழுத்தாணி கீறிய பள்ளத்தையும் வாசகத்தின் பகுதியாகப் படிக்கச் சொல்வதற்கு அது சமம். 2018இல் பாரமவுண்ட் செய்த புதுப்பிப்பில் பழைய நிறமும் இருட்டும் திரும்பின, கம்பிகள் மறைந்தன. அதை க்ரைடீரியன் நிறுவனம் 2020இல் ப்ளூ-ரேயாகக் கொண்டுவந்தது. 67 ஆண்டுகள் கழித்து, முன்னைவிடத் தெளிவாக, முன்போலவே ஒன்றும் தெரியாமல் பார்க்க முடிகிறது. இதனினும் சிறந்த பதிப்புப்பணி யாது?

அட்டைச் சிக்கல் என்பது கம்பிச் சிக்கலின் கிளை. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரை 35 மிமீ படச்சுருளில் எடுத்து, வீடியோ நாடாவில் தொகுத்தார்கள். ஆகவே உயர்தெளிவு வேண்டுமென்றால் சுருள்களைக் கிடங்கிலிருந்து எடுத்து, ஏழு பருவங்களையும் முதலிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டும். 2012 முதல் 2014 வரை அதைச் செய்தே முடித்தார்கள். பலன்: கப்பலின் கட்டுப்பாட்டு அறையில், விளக்கொளி பட்டுக் கூசாதிருக்க கருவிப் பலகைகளின்மேல் ஒட்டிய கறுப்பு அட்டைத் துண்டுகள் முதன்முறையாக மனித குலத்துக்குப் புலப்பட்டன. 24ஆம் நூற்றாண்டின் விண்கலம் அட்டையால் ஒப்பேற்றப்பட்டது என்பதைக் கண்ட ரசிகர்கள் கோபப்படவில்லை, மெய்சிலிர்த்தார்கள். வட்டுகள் மட்டும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அடுத்த தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ இன்னும் கிடங்கிலேயே இருக்கிறது.

தெளிவைக் கண்டு அஞ்சியவர்கள் ஒருபுறமிருக்க, தெளிவின்மேல் அளவுகடந்த மோகம் கொண்ட மெழுகுப் பள்ளியார் மறுபுறம். படச்சுருளில் ஒளியை வாங்குபவை வெள்ளி உப்பின் நுண்மணிகள். திரையில் அவை எறும்பு ஊர்வதுபோல் துடிக்கும். அதைத்தான் கிரெயின் என்கிறோம். அதுவே படம், தனியாக வேறு படம் கிடையாது. மெழுகுப் பள்ளியார் இதை அழுக்கென்று கருதித் துடைத்தார்கள். 2010இல் வந்த ‘ப்ரிடேட்டர்’ ப்ளூ-ரே இப்பள்ளியின் தலையாய நூல். காட்டில் வியர்த்து, சேறு பூசி, உயிருக்குப் போராடும் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் அதில் அப்போதுதான் ஃபேஷியல் முடித்து வந்தவராகத் தோன்றுகிறார். வேட்டையாட வந்த வேற்றுக்கிரகவாசி முகமூடியைக் கழற்றுகிறது. நாயகன் கழற்றவில்லையே என்றுதான் நமக்குப் படுகிறது. ஜேம்ஸ் கேமரனின் ‘ஏலியன்ஸ்’ 2024இல் 4கே வட்டாக வந்தபோதும் இதே வழக்கு எழுந்தது. இம்முறை துடைத்ததோடு நிற்காமல், துடைத்த இடத்தில் கணினி புதிதாக முகரேகை வரைந்திருக்கிறது என்றார்கள். சிதைந்த எழுத்தைத் தம் ஊகத்தால் நிரப்பிவிட்டு, ஊகம் என்று குறிப்பெழுதாத பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை.

மன்னிக்கத்தக்க பதிப்புக்கு உதாரணம் வேண்டின் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’. 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான முழுப்படம், சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டுக் காணாமற்போயிற்று. 2008இல் புவெனஸ் ஐரிஸ் நகரின் சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு 16 மிமீ பிரதி கிடைத்தது. அதிலிருந்து சுமார் 25 நிமிடம் மீண்டு, 2010இல் வட்டாக வெளிவந்தது. அந்தப் பகுதி முழுக்கக் கீறல், அடைமழைபோல். சட்டகத்தின் ஓரமும் சற்றுக் குறைந்திருக்கும். முடிந்த மட்டும் துடைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டார்கள். பெர்லின் சுருள் முடிந்து அர்ஜென்டினா ஏடு தொடங்கும் இடம் பார்ப்பவருக்கு நொடியில் தெரிந்துவிடும். இன்னும் கிடைக்காத காட்சிகளுக்கு எழுத்தட்டை போட்டு, இங்கே இன்னது நடக்கிறது என்று சொல்லி நகர்கிறார்கள். உயர்தெளிவில் கீறலைப் பார்க்க ஒருவர் காசு கொடுப்பது ஏன் என்று கேட்போர் இக்கட்டுரையை இத்துடன் மூடி வைக்கலாம்.

பாடபேதக் கடல் என்றால் ‘ப்ளேட் ரன்னர்’தான். ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வந்த இப்படத்துக்கு ஏழு பாடங்கள் என்பது துறையோர் கணக்கு. முதற்பாடத்தில், மக்களுக்குப் புரியாது என்று பயந்த தயாரிப்புத் தரப்பு, நாயகனின் குரலிலேயே பொழிப்புரையை மூலத்துக்குள் செருகியது. முடிவும் சோகமாக இருக்கக் கூடாதென்று, காதலர் மலைநாட்டில் காரில் செல்வதாக ஒட்டினார்கள். அந்த மலைக்காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த மிச்சம். ஒரு நூலின் கடைசி ஏட்டை இன்னொரு நூலின் கட்டிலிருந்து உருவிச் சேர்த்தாற்போல். 1992 பாடத்தில் பொழிப்புரையும் மலையும் நீங்கி, நாயகனின் கனவில் ஒற்றைக்கொம்புக் குதிரை நுழைந்தது. 2007இல் வந்த இறுதிப் பாடம் மட்டுமே ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் உருவானது.

இறுதிப் பாடத்தின் திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்கு உரியவை. பறக்கும் போலீஸ் காரைத் தூக்கிய கம்பி அழிந்தது. கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் ஸோரா என்னும் பாத்திரத்துக்காகப் பாய்ந்த டூப் நடிகையின் முகத்தில், கால் நூற்றாண்டு கழித்து வந்த, அப்பாத்திரத்தில் நடித்த ஜோவானா கேசிடியின் முகம் பொருத்தப்பட்டது. கொட்டும் மழை இரவில் விட்ட புறா பளிச்சென்ற நீலவானத்தில் பறந்த குறையும் தீர்ந்தது. நாயகன் வேட்டையாட வேண்டிய, தப்பிவந்த செயற்கை மனிதர் ஆறு பேர், ஒருவர் செத்தார் என்று 1982இல் போலீஸ் அதிகாரி சொல்கிறார், மிச்சம் ஐவர். திரையில் வருவோர் நால்வரே. இந்த ஒரு தலை வித்தியாசத்தை உரையாசிரியர்கள் எளிதில் விடவில்லை: காணாமற்போன அந்த ஆள் நாயகனே என்று நாட்டினார்கள். இருபத்தைந்து வருடம் தழைத்த அந்த உரையை, 2007இல் செத்தவர் இருவர் என்று ஒரே சொல்லை மாற்றி முடித்து வைத்தார்கள். கணக்குப் பிழையில் தத்துவம் முளைப்பது நம் உரை மரபுக்கும் புதிதன்று என்பதால் இதில் வியப்பில்லை.

இப்பாடங்களில் ஐந்து, 2007 டிசம்பரில் ஒரு பெட்டியில் அடைத்து விற்கப்பட்டன. உள்ளே பறக்கும் காரின் சிறு பொம்மையும் உண்டு. படம் இரண்டு மணிக்கும் குறைவு; உடன் வந்த ஆவணப்படம் மூன்றரை மணி நேரம். உரை மூலத்தைவிட நீளம் என்பதால் பெட்டியின் தரம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அப்போது எச்டி-டிவிடி, ப்ளூ-ரே என இரண்டு சமயங்கள் மோதிக்கொண்டிருந்தன. பெட்டி இரண்டிலும் கிடைத்தது. எச்டி-டிவிடியில் வாங்கியவர்கள் ஐந்து பாடங்களையும் ஒப்பிட்டு முடிக்கும் முன்பே, 2008 பிப்ரவரியில் அவ்வடிவத்தைத் தயாரித்த தோஷிபா கடையைக் கட்டிவிட்டது.

ஆசிரியரே இடைச்செருகல் செய்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த இலக்கணத்திலும் விதியில்லை. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ சாராயக்கடை மேசைக்கடியில் துப்பாக்கியை நீட்டி, தன்னைப் பிடிக்க வந்த வேற்றுக்கிரகவாசி கிரீடோவைச் சுட்டான். இயக்குநரே திருத்திய 1997 பாடத்தில் கிரீடோ முதலில் சுட்டது, ஒரு முழத் தூரத்தில் குறிதவறி. 2004 டிவிடியில் ஏறத்தாழ இருவரும் சேர்ந்தே சுட்டார்கள். 2011 ப்ளூ-ரேயில், அதே வரிசையின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில் அதுவரை வாய் திறவாமல் சக்கரவர்த்தியைத் தூக்கி எறிந்த வில்லன் டார்த் வேடர் “நோ...” என்று அலறினார், கரடிபோன்ற ஈவாக்குகள் கண் சிமிட்டின. 2020இல் வந்த 4கே வட்டில் கிரீடோ சாகுமுன் புதிதாக ஒரு வார்த்தையும் பேசியது. பழைய பாடம் வேண்டுவோருக்கு 2006இல் டிவிடியின் இலவச இணைப்பாக ஒன்று கிடைத்தது; அது 1993இல் லேசர் டிஸ்க்குக்காகச் செய்த பிரதி. உயர்தெளிவு வட்டில் முதற்பாடம் அதிகாரபூர்வமாக இதுவரை வரவில்லை. பழைய 35 மிமீ பிரதிகளைத் தேடி ரசிகர்களே ஸ்கேன் செய்த திருட்டுப் பதிப்பே இன்று ஆய்வாளர்க்குக் கதி. கடையில் விற்பது போலி, கள்ளச்சந்தையில் இருப்பது அசல் என்னும் நிலை வேறெந்தத் துறையிலும் கேள்விப்படாதது.

தீராத ஐயம் ஒன்று எஞ்சுகிறது. அதே ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், பாலைவனப் பள்ளத்தாக்கில் மணல்மனிதர் நாயகன் லூக்கைத் தாக்கும்போது அவனுடைய எந்திரத் துணை ஆர்2-டி2 பாறை இடுக்கில் ஒதுங்கி நிற்கும். 2011 பாடத்தில் அதன் முன்னால் புதிதாகப் பாறைகள் வைத்து மறைத்திருக்கிறார்கள். உருண்டு செல்லும் அந்த எந்திரம் அவற்றைத் தாண்டி எப்படி உள்ளே போனது? அடுத்த காட்சியில் அது வெளியே வரும்போது பாறைகளைக் காணோமே, அவற்றை எடுத்தவர் யார்? இதற்கு உரையாசிரியர் எவரும் இன்றுவரை விளக்கம் எழுதவில்லை.