பந்தி பரிமாறிய கப்பல்

பழைய ஐஎன்எஸ் சக்தி என்ற கடற்படை எண்ணெய்க் கப்பல் ஜெர்மனிக்காரன் கட்டிக் கொடுத்தது. பிரேமர் வுல்கான் பட்டறை. படையில் சேர்ந்தது 1976. விசாகப்பட்டினம் போகும்போதெல்லாம் அதில் வேலை பார்த்த எங்களுக்குச் சிரிப்பு வரும். 1948-லேயே 'ஜல உஷா'வைக் கடலில் இறக்கிய ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட் அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய்க் கப்பல் மட்டும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும்.

டேங்கரில் போஸ்டிங் என்றாலே மற்றவர்களுக்கு இளக்காரம். ஏவுகணை வைத்திருப்பவர்கள் மீசையை முறுக்குவார்கள். எங்கள் சட்டையில் டீசல் வாடை. நடுக்கடலில் டேங்க் வற்றியதும் அந்த மீசைகளே எங்கள் பக்கவாட்டில் பவ்யமாக வந்து சேரும். இரண்டு கப்பலும் நிற்காமல் 12 நாட் வேகத்தில் சேர்ந்தே ஓட வேண்டும். நடுவே ஐம்பது மீட்டர் இருந்தால் அதிகம். முதலில் துப்பாக்கியால் மெல்லிய கயிறு, அதைப் பிடித்துத் தடித்த கயிறு, பிறகு ஹோஸ். இடையில் சீறும் தண்ணீர் இரண்டையும் மோதவிடப் பார்க்கும். சுக்கான் பிடித்தவன் தும்மக்கூடாது. சிவப்புக் கொடி ஏறிவிட்டால் பீடியை மறந்துவிட வேண்டும். வயிறு நிறைந்ததும் அவர்கள் வேகமெடுத்துப் போய்விடுவார்கள். பரிமாறியவன் சாப்பிட்டானா என்று எந்தப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள்?

1994 டிசம்பரில் சோமாலியாவிலிருந்து நம் படை திரும்பியபோது கங்கா, கோதாவரி போர்க்கப்பல்களோடு சக்தியும் போனது. கதை சொல்பவர்கள் முதல் இரண்டு பெயரோடு மூச்சு வாங்கிக்கொள்வார்கள். 1996-ல் பிரேமர் வுல்கான் திவாலாகி, 1997-ல் கடையைக் கட்டியது. அவர்கள் கட்டிய கப்பலோ 2007 வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது.

அதே பெயரில் புது சக்தி வந்தது 2011-ல். இந்த முறை இத்தாலிக்காரன். நீளம் 175 மீட்டர், எடை 27,500 டன், மணிக்கு 1,500 டன் எண்ணெய் இறைக்கும். ஒருவழியாக 2023 ஆகஸ்டில் அந்த விசாகப்பட்டினம் பட்டறைக்கே இதே வேலை செய்யும் ஐந்து கப்பலுக்கு ஆர்டர் போனது. ஒவ்வொன்றும் 44,000 டன், மொத்தம் சுமார் 19,000 கோடி ரூபாய். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சமைக்கத் தெரியும் என்று கண்டுபிடிக்க இத்தனை வருஷம்!

தங்கையின் பேரன் இப்போது புது சக்தியில் இருக்கிறான். அவள் போனில் குறைபட்டுக்கொண்டாள்: "ஏண்ணா, சண்டைக் கப்பல் ஒண்ணும் கிடைக்கலையா இவனுக்கு?"

"கவலைப்படாதே. எல்லாச் சண்டைக் கப்பலும் கடன் கேக்கிற மாதிரி அவன்கிட்டதான் வந்தாகணும்" என்றேன்.